டவாலி சாரதாமணி கூப்பிடாத பெயர்

அரசாங்கப் பதிவேட்டில் சாரதாமணியின் பதவி அலுவலக உதவியாளர். அப்படிச் சொல்லி அவளை இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முன்சீப் கோர்ட்டு; மாஜிஸ்திரேட் கோர்ட்டும் அதுவே. அந்தக் கோர்ட்டின் வக்கீல்களுக்கும், குமாஸ்தாக்களுக்கும், வாய்தாவுக்கு நடந்தே செருப்புத் தேய்ந்த கட்சிக்காரர்களுக்கும் அவள் 'டவாலியம்மா'. டவாலி என்பது சரியாகச் சொன்னால் ஆள் இல்லை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டை. அதன் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பித்தளை வில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டையின் பெயர் அதை மாட்டியவன்மேல் ஏறிக்கொண்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டை போகவில்லை.

அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு அவள் செய்கிற வேலை, கூப்பிடுவது. உள்ளே பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணையும் பெயரையும் சொல்வார். சாரதாமணி வராந்தாவின் விளிம்புக்கு வந்து அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிடுவாள். முதல் கூப்பாடு வராந்தாவில் நிற்பவர்களுக்கு. இரண்டாவது, புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. மூன்றாவது, சாலைக்கு எதிர்ப்புறம் பேக்கரியில் டீயும் பன்னுமாக இருப்பவர்களுக்கு. அதனால் மூன்றாவது மட்டும் நீளும். சட்டப் புத்தகம் எதிலும் பேக்கரியைப் பற்றி இல்லை. ஆனாலும் பேக்கரிக்குக் கேட்காத நீதி அந்த ஊரில் பாதி நீதிதான்.

அந்தக் குரல் அவளுக்கு வந்தது இசைப் பயிற்சியால் அல்ல, தறிச் சத்தத்தால். பிறந்த வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம், புகுந்த வீட்டுக்கு வலப்பக்கம் இன்னொன்று. இருபத்துநாலு தறி ஒரே சமயத்தில் அடிக்கும்போது 'உப்பு எடு' என்பதைக்கூட ஊர்க்கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் சொல்ல வேண்டும். அப்படியே பழகிவிட்டது. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கைக்காரியிடம் ரகசியம் சொன்னால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

இவ்வளவு குரலும் பதினோரு வருடம் வீணாகத்தான் போனது. எம்பிளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து, மறந்து, முப்பத்தைந்து வயதில் வேலை கிடைத்தபோது அவளை ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். தீர்ந்துபோன வழக்குகளின் கட்டுகளை அடுக்குவதும் இறக்குவதும் தும்முவதும்தான் வேலை. கட்டுகளுக்கு இடையே அவள் இருக்கிறாளா இல்லையா என்பதைத் தும்மலை வைத்துத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். இரண்டு வருடம் முன்பு பழைய டவாலி ஓய்வு பெற்றார். அடுத்து அதை மாட்டிக்கொள்ள ஆள் கேட்டபோது இரண்டு பையன்கள் ஓடியே போனார்கள்; அதோடு நின்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றார்கள். சாரதாமணிக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது. அவள் கை தூக்கினாள்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, இது வேறு வேலை என்று. ஊரே பயப்படுகிற ஒரு ஆள், மூன்று அடிதடி வழக்கு உள்ளவன், அவள் கூப்பிட்டதும் பீடியை அணைத்துவிட்டு 'வந்துட்டனுங்க்கா' என்று ஓடி வந்தான். கூப்பிட்டால் வரவேண்டும், வராவிட்டால் வாரண்டு! இந்த வசதி உலகத்தில் வேறு எந்த மனைவிக்கும் எந்தத் தாய்க்கும் கிடையாது. அன்றைக்கே வில்லையைப் புளி போட்டுத் தேய்த்து, பட்டையோடு ஒரு படம் எடுத்து, சத்தீஸ்கரில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியில் இருந்த வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். அவர் அதை வண்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் காட்டி, கூடவே கிணறு தோண்டச் சொன்ன நிலத்துக்காரருக்கும் காட்டினார்.

எல்லாம் சரி. ஒரே ஒரு பெயர் மட்டும் அவள் வாயில் வராது. அது அந்த வீட்டுக்காரரின் பெயர்: பூபதி.

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மகள் பிறக்கும்வரை அவர் 'ஏனுங்க'. பிறந்த பிறகு 'அபிநயா அப்பா'. ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தையின் தகப்பன் பெயரைக் கேட்டபோது பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.

"வாயில சொல்லுங்கம்மா."

"அதுலயே போட்டிருக்குதுங்க."

தெருமுனையில் பூபதி ஸ்டோர்ஸ் என்று ஒரு மளிகைக் கடை உண்டு. அவளுக்கு அது மூலைக் கடை. இப்படி இருக்கும்படி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளைப் பெற்றவள், தன் புருஷனை மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பெயர் சொல்லித் திட்டியவள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் அபிநயா ஒருமுறை விசாரணையே வைத்தாள்.

"சொன்னா என்னம்மா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்பறம் சொல்ல வேண்டியதுதான?"

"ஒண்ணும் ஆவாததுக்கு எதுக்குச் சொல்லோணும்?"

வழக்கு அத்தோடு தள்ளுபடி.

கோர்ட்டில் இந்தச் சிக்கலைச் சமாளித்தவர் பெஞ்ச் கிளார்க் ஞானதாஸ். சூரமங்கலத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவில் நிற்பவர்; அங்கே அவரை வாயசைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பட்டியலில் முதல் தடவை அந்தப் பெயர் வந்தபோது சாரதாமணி கதவருகே உறைந்து நின்றாள். ஞானதாஸ் அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், புரிந்துகொண்டார். இருமுவதுபோல எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தம்முடைய கீச்சுக் குரலில் கூப்பிட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. பூபதிகள் மாதத்துக்கு ஒருவரோ இருவரோதான் வந்தார்கள். ஞானதாஸுக்கும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இருமல் வந்தது.

சென்ற ஆடியில் புது நீதிபதி வந்தார். தென்பாண்டிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள். எதையும் இரண்டு தடவை சொல்லும் வழக்கம் இல்லாதவர். மதிய இடைவேளையில் அவர் தம் கணவரைப் போனில் 'டேய்' என்று அழைப்பதைச் சாரதாமணியே தன் காதால் கேட்டு, அன்று முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வந்த மூன்றாவது வாரம் நீதிபதி கேட்டார்.

"பெஞ்ச் கிளார்க் ஏன் எந்திரிச்சு வெளிய போறாரு? கூப்பிடத்தான் ஆள் இருக்காங்களே?"

ஞானதாஸ் மெல்லச் சொன்னார். "இது டவாலியம்மா வீட்டுக்காரர் பேருங்கம்மா."

"அதனால?"

"அதனாலதாங்கம்மா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பேனா கீழே போனால் நல்ல சேதி இல்லை என்று அந்த மூன்று வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை ஒரு வழக்கு இருக்கு. வாதி பேரு பூபதி. வண்டித்தட வழக்கு, பதினோரு வருஷம் ஆச்சு, ஆள் வராம ரெண்டு தடவை தள்ளுபடி ஆகி உயிர் வந்த வழக்கு. இந்தத் தடவையும் அவர் வரலேன்னா முடிஞ்சது. அவரை நீங்கதான் கூப்பிடணும். முடியலேன்னா டவாலியைக் கழட்டி வேற ஆள்கிட்டக் குடுத்துட்டு, ரெக்கார்டு ரூமுக்கே போயிருங்க. தப்பாச் சொல்லலை. பேர் சொல்லிக் கூப்பிடற வேலையில பேர் சொல்ல மாட்டேன்னா எப்படி?"

தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் சாரதாமணிக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது செய்யலாம்.

அந்த வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அபிநயா வாத்தியாரானாள்.

"பூ சொல்லு."

"பூ."

"பதி."

"பதி."

"சேத்துச் சொல்லு."

சாரதாமணி வாயைத் திறந்தாள், மூடினாள், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். அடுப்பில் பாலே இல்லை.

"ஏம்மா, கொலகாரன் பேரெல்லாம் கூப்புடற. எங்கப்பா பேருதான் உனக்குப் பெரிசாப் போச்சா?"

"கொலகாரனுக்கா நா சோறு போடறேன்?" என்றாள் சாரதாமணி. இது வாதமா இல்லையா என்று அபிநயாவால் முடிவு செய்ய முடியவில்லை.

வியாழக்கிழமை பூபதியே வந்து இறங்கினார். மழைக்காலத்தில் போர் வண்டிகளுக்கு வேலை குறைவு. வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ஆட்கள் ஊர் திரும்புவார்கள். மகளிடம் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாலு ஸ்டேட்டுல எம் பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. இந்திக்காரன் 'பூப்பதீ, பூப்பதீ'ங்கறான். நீ சொன்னா மட்டும் நா தேஞ்சா போயிருவேன்? கூப்புடு சாரதா. நா வேணும்னா காதப் பொத்திக்கறேன்."

"உங்களுக்கென்னங்க. பட்டை எனக்கில்ல போவுது" என்றாள் அவள். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில், இரண்டு வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்த டவாலியை நேரில் பார்த்துவிடுவது என்று, அவளிடம் சொல்லாமலே டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிர்ப் பேக்கரியில் ஓரமாக உட்கார்ந்தார். அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தார். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு எப்படித் தைரியம் வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பதினொன்றரைக்கு ஞானதாஸ் வழக்கு எண்ணைச் சொன்னார். பெயரைச் சொல்லும்போது, ஏதோ இரங்கல் சேதி வாசிப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாதி தரப்பில் நின்றவன் ஜீவா, வக்கீலாகி எட்டு மாதம் ஆன ஜூனியர். சீனியர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தார். அன்று காலைதான் வழக்குக் கட்டை ஜீவாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கட்சிக்காரரை ஜீவா பார்த்ததே இல்லை.

சாரதாமணி வராந்தாவின் விளிம்புக்கு வந்தாள். வில்லை வெயிலில் பளிச்சென்றது. முதல் கூப்பாடு.

"வாதீ..."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. புளியமரத்தடியில் இருந்த வாதிகள் ஏழு பேரும் எழுந்து, எந்த வாதி என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்கள். இரண்டாவது கூப்பாடு.

"வாதீ..."

இப்போது இரண்டு பேர்தான் எழுந்தார்கள். உள்ளேயிருந்து நீதிபதியின் பார்வை முதுகில் படுவதை அவளால் உணர முடிந்தது. "பேரு, சாரதாம்மா, பேரு" என்று ஞானதாஸ் கெஞ்சினார். சாரதாமணி கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். இருபத்துநாலு தறியையும் தாண்டுகிற குரலில், உள்ளே இருந்ததை அப்படியே வெளியே விட்டாள்.

"அபிநயா அப்பாஆஆ!"

பேக்கரியில் பூபதி பாதி டீயோடு எழுந்தார். இருபது வருடத்தில் அந்தக் குரல் அப்படி வந்தது இரண்டே தடவை. ஒன்று கேஸ் அடுப்பு தீப்பிடித்தபோது, மற்றொன்று பாம்பு. டம்ளரை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடிவந்தார். வாசலில் வழக்குப் பட்டியலோடு நின்ற போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"பூபதியா?"

"ஆமாங்க!"

"போங்க, போங்க, எவ்வளவு நேரமாக் கூப்புடறாங்க!" என்று அவரை உள்ளே தள்ளிவிட்டார். உள்ளே இருந்த இன்னொருவர் கூண்டைக் காட்டினார். கோர்ட்டில் காட்டுகிற இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாததால் பூபதி ஏறி நின்றார். சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னார். ஜீவாவுக்கு உயிர் வந்தது.

"உங்க பேரு பூபதிதானே?"

"ஆமாங்க."

"பிராது சொத்தில் கண்ட வண்டித்தடம் உங்க முன்னோர் காலத்திலிருந்து உங்க அனுபவத்துல இருக்குதுன்னு சொல்றீங்களா?"

பூபதி கதவுப் பக்கம் பார்த்தார். மனைவி தீப்பிடிக்கவில்லை, சிலைபோல நின்றாள், முகம் மட்டும் பட்டையின் நிறத்தில் இருந்தது. அவளுக்கு ஏதோ சாட்சி வேண்டியிருக்கிறது போல என்று முடிவு செய்துகொண்டார்.

"எங்க ஊட்டுல என்ன சொன்னாங்களோ அதேதானுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். வழுக்கைத் தலை, பதினோரு வருடமாக இதே வழக்கில் இருப்பவர். "அம்மா, இது வாதியே இல்லைங்க! வாதிக்கு என்னைவிட வயசு அதிகம். இது யாரோ!"

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"போர் வண்டி டிரைவருங்க."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"கூப்புட்டாங்க, வந்தனுங்க."

"யாரு கூப்பிட்டா?"

பூபதி சிவப்புப் பட்டையைக் கை காட்டினார்.

"உங்க பேரைச் சொல்லியா கூப்பிட்டாங்க?"

"இல்லீங்கம்மா. எம் பேரச் சொல்லலீங்க. அதனாலதான் என்னையத்தான் கூப்புடறான்னு தெரிஞ்சுது."

கோர்ட்டில் சிரிக்கக் கூடாது. வக்கீல்கள் கட்டுகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். நீதிபதி ஏதோ எழுதுவதுபோல நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் நேராகத்தான் இருந்தது, குரல்தான் சற்று நடுங்கியது.

"கடைசி ஒரு தடவை. வாதியைக் கூப்பிடுங்க. வரலேன்னா தள்ளுபடி."

ஞானதாஸ் வழக்குக் கட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார். சாரதாமணி பார்த்தாள். பதினோரு வருடம் முன்பு எவரோ தட்டச்சு செய்த வரி. கோர்ட்டுக் காகிதத்தில் எந்த மனிதனும் தனியாக வருவதில்லை, தகப்பனோடுதான் வருவான். அவ்வளவு காலம் அந்தக் காகிதங்களைச் சுமந்தவளுக்கு அது தெரியாததல்ல. பெயர் ஒன்று பூதமாக நின்றதில் அதற்கு முன்னால் நிற்பதைப் படிக்கத்தான் மறந்திருந்தாள். கந்தன் மகன் பூபதி.

தன் வீட்டுக்காரர் கந்தன் மகன் இல்லை. அப்படியென்றால் இது அவர் பெயரும் இல்லை. இது யாரோ ஒரு கந்தன், தன் மகனுக்கு வைத்த பெயர். கந்தன் மகனைக் கூப்பிட அவளுக்கு என்ன கூச்சம்?

வராந்தாவுக்கு வந்தாள்.

"கந்தன் மகன் பூபதி! கந்தன் மகன் பூபதி! கந்தன் மகன் பூபதீஈஈ!"

மூன்றாவது, பேக்கரியைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. நாமக்கல் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புளியமரத்தடியிலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தார்.

"வாரேன் சாமி, வாரேன். காலைல இருந்து இங்கதான உக்கோந்திருக்கறேன்."

"அப்பவே வாதின்னு கூப்பிட்டாங்களே, வந்திருக்கலாம்ல?" என்றான் ஜீவா, வியர்வையைத் துடைத்தபடி.

"வாதின்னா எத்தன வாதி? எம் பேரச் சொன்னாத்தான் உள்ள வரோணும்னு உங்க பெரிய வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. கோர்ட்டு சொல்லாம நா உள்ள வருவனா?"

கூண்டில் ஒரே சமயத்தில் இரண்டு பூபதிகள் நிற்க இடமில்லை. புதியவர் ஏற, பழையவர் இறங்கினார். அவர் இறங்கின விதம்தான் வினோதம். முந்தின நாள் விழுந்து விழுந்து சிரித்தவர், நாலு மாநிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் கூப்பிட்ட பள்ளிக்கூடத்துப் பையன்போல இறங்கினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கந்தன் மகன் எவனோ என்று சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது. அவர் காதுக்கு அது தெரியவில்லை.

சாட்சி முடிந்து வாய்தா போட்டபின் நீதிபதி சாரதாமணியை அறைக்குக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டீங்களே?"

"அது வேற ஆளு பேருங்கம்மா."

நீதிபதி முன்னால் இருந்த வழக்குக் கட்டை மூடினார். "சரி. இனிமே எல்லாரையும் அப்பா பேரோடயே கூப்பிடுங்க. அதுதான் முறையும்கூட." பேனாவை எடுத்துக்கொண்டார். அத்தோடு பட்டையைப் பற்றிய பேச்சு முடிந்தது. ஞானதாஸின் இருமலும் அன்றோடு குணமாகிவிட்டது.

சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில் இருவரும் வீடு திரும்பினார்கள். சங்ககிரி சாலையில் லாரிகள் அடித்த ஹார்னுக்குக்கூடப் பூபதி ஒன்றும் திட்டவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கூடத்தில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"சாரதா."

"ஏனுங்க?"

"அந்தக் கெழவன அவ்வளவு அழகாக் கூப்புட்டியே."

"வேலையுங்க அது."

"என்னையும் ஒருக்கா அப்படிக் கூப்புடு. ஒருக்காப் போதும். யாருமில்ல."

சாரதாமணி யோசித்தாள். மறுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை; உண்மையாகவே யோசித்தாள். பிறகு தறிச் சத்தத்துக்கு மேலாக, தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அப்பா பேரோட சேத்துக் கூப்புடோணும்னு ஜட்ஜம்மா உத்தரவு போட்டிருக்காங்களே. எம் மாமனார் பேர நா எந்த வாயில சொல்லுவேன்?"